இலவம்பூவுக்கு வந்த இருவர்

மீன்பிடி வலையொன்றை மடியில் வைத்துக்கொண்டு பட்டினத்திலிருந்து இணுவிலுக்கு பஸ்ஸில் போன பள்ளிக்கூட ரீச்சர் என்னைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பழைய சேலைத் துண்டில் சுற்றிக் கட்டியிருந்தேன். அப்படியிருந்தும் மரப்பட்டைச் சாயம் ஊறிய நூலின் மணம் பஸ் முழுவதும் பரவிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்தார், மடியிலிருந்த பொதியைப் பார்த்தார், பிறகு முந்தானையை மூக்கருகே பிடித்தபடி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உண்மையில் அது கடலைக் காணாத புது வலை. குருநகரில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் இருந்து அப்பா மாதக்கணக்காகப் பின்னியது. சோளகக் காற்றுத் தொடங்கும்போது தொழிலுக்கு எடுக்கலாம் என்று வைத்திருந்தார். நான் கேட்டபோது, "என்ன மீன் பிடிக்கப்போறாய், பிள்ளை?" என்றார். "மீனில்லை அப்பா, பூவுக்குக் கட்ட" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கிழியாமல் கொண்டு வா" என்று மட்டும் சொன்னார்.

அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. பட்டினத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் சிநேகிதி அங்கே தாவரவியல் படிப்பித்தாள். பாடசாலை முழுவதும் அவளைப் 'பொட்டனி ரீச்சர்' என்றுதான் அழைத்தது. என்னைவிடச் சற்று மூத்தவள். இணுவிலில் வாழையும் புகையிலையும் செய்கிற சைவக் குடும்பம் அவளுடையது. தகப்பன் இல்லை, தாயும் ஒரு அண்ணையும் இருந்தார்கள். குடையை எங்காவது மறந்துவிட்டு வருவாள், பேனையை மறப்பாள், மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் சோற்றுக்கு மேல் இலைத் துண்டொன்றில் ஏதாவது ஒரு பூ இருக்கும். அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டையும் மறந்துவிடுவாள். ஆனால் ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால் மாத்திரம் அதை மறக்கத் தெரியாது. அவளோடு பழகிய பிறகுதான், விடை தெரியாமல் இருப்பது ஒரு மனுசிக்கு உடம்பு நோவைப்போல வருத்தம் தரக்கூடும் என்று எனக்கு விளங்கியது.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் வீட்டின் பின்வளவில் ஒரு இலவமரம் நின்றது. அவளுடைய அம்மாவுக்குச் சீதனமாக வந்த வளவு அது. மரமும் அதோடு வந்தது. சொந்தக்காரர் வீட்டில் கலியாணம் என்றால் மெத்தைக்கும் தலையணைக்கும் பஞ்சு அந்த மரத்திலிருந்துதான் போகும். இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு அந்த மரம் பூக்கிற காலத்தில், பின்னேரமானால் வௌவால்கள் வந்து மொய்க்கும். வந்தவை பூவோடு நிற்பதில்லை. வேலிக்கு அப்பால் அண்ணையின் வாழைத் தோட்டம். பழுக்கத் தொடங்கிய குலைகளை அவை சூறையாடிவிட்டுப் போகும்.

"அண்ணை இரவல் துவக்கு ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து வச்சிருக்கிறார்" என்றாள். "மரத்துக்கு வாற வவ்வால் எல்லாத்தையும் சுடப்போறாராம். வேண்டாம் எண்டு சொன்னன். அதுக்கு அவர் என்னையே மடக்கிப்போட்டார். 'நீதானே படிச்சுப்போட்டு வந்து சொன்னனீ, பொழுதுபடப் பூக்கிற வெள்ளைப் பூவெல்லாம் விட்டிலுக்கு எண்டு. அப்ப மரத்துக்கு விட்டில் மட்டும் காணும். வவ்வாலைச் சுட்டால் மரத்துக்கு என்ன குறையப்போகுது?' எண்டு கேக்கிறார்."

விட்டில் என்று அவர்கள் வீட்டில் சொல்வது அந்துப்பூச்சியைத்தான்.

"நீர் என்ன சொன்னீர்?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்லுறது? எனக்குத் தெரியாதே! புத்தகத்திலை விட்டில் எண்டுதான் கிடக்கு. வவ்வால் சும்மா குடிச்சிட்டுப் போற கள்ளனோ, இல்லாட்டி மரத்துக்கு ஏதும் வேலை செய்யுதோ, எனக்குத் தெரியாது. அவர் சொல்லுறது சரியாயும் இருக்கலாம்."

அவளுக்கு வௌவால் மேல் பெரிய இரக்கம் ஒன்றும் இருக்கவில்லை. தெரியாமல் சுடுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அண்ணையோடு நெடுநேரம் வாதாடி, அந்த ஒரு பூக்காலத்துக்கு மட்டும் துவக்கை எடுப்பதில்லை என்று வாக்கு வாங்கியிருந்தாள். வௌவால் தொடாமலே காய் பிடிக்கிறது என்று தெரிந்தால் அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கக்கூடாது. அதுதான் அவருடைய நிபந்தனை. ஆனால் ஒரே மரத்துக்கு வருகிற இரண்டில் ஒன்றை விட்டு மற்றதை எப்படித் தடுப்பது? சீலையால் மூடினால் இரண்டுமே வராது. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தாள். எனக்கு வீட்டில் பின்னிக் குவிந்து கிடந்த வலைதான் நினைவுக்கு வந்தது. எது உள்ளே போகலாம், எது போகக்கூடாது என்று வலையின் கண் அளவை வைத்துத்தானே அப்பா தீர்மானிப்பார். "வலையாலை ஒரு கொப்பை மூடுவம்" என்றேன். "விட்டில் போற கண், வவ்வால் போகேலாத கண்." அவள் நிமிர்ந்து பார்த்த பார்வை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பாடசாலை மணி அடித்ததுகூட எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வலையோடு போனேன். அவளுடைய அம்மா பொதியை அவிழ்த்ததும் இரண்டடி பின்னால் போய்விட்டார். "மீன் வலையை எங்கடை வளவுக்குள்ளையோ?" என்றார். கடல் காணாத வலை என்று மகள் சொன்னாள். "கடல் காணாட்டிலும் வலை வலைதானே" என்று அவர் முணுமுணுத்தார். அப்போது கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்ற ஒருவர், எங்கள் பக்கம் திரும்பாமலே, "வாழைக்கு மீன் கழிவு போடேக்கை வராத துடக்கு வலைக்கு வருமோ, அம்மா?" என்று கேட்டார். அதுதான் அவளுடைய அண்ணை. புகையிலைப் பால் ஏறிக் கறுத்த கைகள். அதிகம் பேசாத மனிதர். பேசினாலும் என்னோடு நேரே பேசமாட்டார். "ரீச்சரைக் கேள், எந்தப் பக்கம் முதல் கட்டவேணும் எண்டு" என்று தங்கையிடம் சொல்வார். நான் தங்கைக்குச் சொல்லும் விடையை அவர் கேட்டுக்கொண்டு மேலே ஏறிக் கட்டுவார். நானும் அவரை எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை. சிநேகிதியின் அண்ணையை அண்ணை என்று கூப்பிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். ஏனோ முதல் நாளிலிருந்தே அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை.

அந்தப் பூக்காலம் முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் நான் அங்கே போய்த் தங்கினேன். முன்னறையில் எனக்குப் பாய் போட்டுத் தருவார்கள். தேத்தண்ணிக்கு எனக்கென்று ஒரு கண்ணாடிக் கிளாஸ் வேறாக இருந்தது. அது எந்த மாடத்தில் வைக்கப்படுகிறது என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் காலத்தில் அது சொல்லாமலே தெரிந்த விஷயம், வாங்கிக் குடித்தேன். மற்றபடி அந்த அம்மா என்னில் அன்பாகத்தான் இருந்தார். "வெள்ளிக்கிழமையிலை வேதக்காரரும் மச்சம் தின்னமாட்டினமாம், உண்மையோ, பிள்ளை?" என்று ஒரு நாள் மிகுந்த மதிப்போடு கேட்டார். வேதக்காரர் என்று அவர் சொன்னது எங்களைப் போன்ற கத்தோலிக்கரை. "ஓம், இறைச்சி தொடமாட்டம்" என்றேன். மீனைப் பற்றி அவர் தனியாகக் கேட்கவில்லை. நானும் விரித்துச் சொல்லவில்லை. சிநேகிதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.

வெயில் இறங்கி, கோயில் மணி ஓய்ந்து, வளவு மங்கத் தொடங்கும்போது இலவம்பூக்கள் விரியும். இலையில்லாத பச்சைக் கொப்புகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிற பூக்கள். வெள்ளை என்றாலும் பால் புளிக்கத் தொடங்கியதுபோல ஒரு மஞ்சள் அதில் கலந்திருக்கும். மணமும் புளித்த பாலை நினைவூட்டும். வெளிச்சம் முழுவதும் போகுமுன்னரே அந்து வந்துவிடும். சாம்பல் நிறம், மரப்பட்டையில் ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பறக்கும்போது மட்டும் உடலின் இரு கரைகளிலும் இளஞ்சிவப்புப் பட்டைகள் தெரியும். இறக்கைகளை ஒருபோதும் காணமுடியாது, அவை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புகையும் மெல்லிய இரைச்சலும்தான் இருக்கும். அது பூவில் உட்காராது. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நின்று, சுருட்டி வைத்திருக்கும் நாக்கை நீட்டும். அந்த நாக்கு அதன் உடலைவிட நீளம். ஒரு பூ, ஒரு மிடறு, பிறகு பக்கத்துப் பூ. கொப்பு ஆடாது, இதழ் அசையாது.

வலை கட்டிய கொப்புக்கு அது முதல் தடவை வந்தபோது நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சிறிய அந்துகள் வலைக் கண்களுக்குள்ளால் நுழைந்து பூக்களில் ஊர்ந்து திரிந்தன. இந்தப் பெரியது உள்ளே போகவில்லை. வலைக்கு வெளியே நின்றபடி, ஒரு கண்ணுக்குள்ளால் நாக்கை மட்டும் விட்டுக் குடித்துவிட்டுப் போனது. சிநேகிதி என் மணிக்கட்டை நோகப் பிடித்தாள். "தொடேல்லை! பாத்தீரோ? வலையில்லாத பூவிலையும் உப்பிடித்தான் செய்யுது. மகரந்தம் அங்கை, இவர் இஞ்சை. ஒரு தூள் ஒட்டேல்லை!"

வௌவால் வருவதற்கு இன்னும் இருட்ட வேண்டும். ஈரச் சீலையை யாரோ உதறுவதுபோலத் தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்கும். அதற்கு அந்தரத்தில் நிற்கத் தெரியாது. வந்த வேகத்தில் பூங்கொத்தின் மேல் விழும், இறக்கை நுனியிலுள்ள நகங்களால் கட்டிப்பிடிக்கும், முகத்தைப் பூவுக்குள் புதைக்கும். கொப்பு குலுங்கும். இதழ்கள் எங்கள் தலையில் கொட்டும். நாங்கள் இரண்டு மூச்சு விடுவதற்குள் அது அடுத்த கொத்துக்குப் போய்விடும். சீலையால் மூடி வைத்திருந்த லாந்தரைத் திறந்து பார்த்தால் நாய்க்குட்டியைப் போன்ற முகம், காதைச் சுற்றி வெள்ளைக் கரை, கன்னத்திலும் நெஞ்சு மயிரிலும் மஞ்சள் பூசியதுபோல மகரந்தம். அந்து குடிப்பதற்கு நாக்கு மட்டும் போதும். வௌவாலுக்கு முழு உடம்பும் வேண்டும். விடிய எழும்பிப் போய்ப் பார்த்தால் வலைக்குள்ளிருந்து விழுந்த பூக்கள் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போகலாம் போலக் கிடக்கும். வெளிக் கொப்புகளின் பூக்கள் கிழிந்து, நகக் கீறல் பழுத்து, அடிபட்டுக் கிடக்கும். எனக்கு அந்துவைத்தான் பிடித்திருந்தது. "நல்ல வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி எவ்வளவு பக்குவமாய் வந்திட்டுப் போகுது" என்றேன். "மரத்துக்கு உந்தப் பக்குவம் தேவையில்லையாக்கும்" என்றாள் சிநேகிதி. "மேலெல்லாம் பூசிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுற ஆள்தான் தேவையாக்கும். பாப்பம், காய்க்கட்டும்."

முதலில் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணை, போகப் போக நாங்கள் நிற்குமிடத்துக்கு வந்து குந்தியிருக்கத் தொடங்கினார். ஒரு நாள் வத்தாளை என்கிற சர்க்கரைவள்ளிக் கொடியிலிருந்து பிடித்த புழுவொன்றை இலையோடு கொண்டுவந்து காட்டினார். தடித்த புழு, வால் பக்கத்தில் ஒரு கொம்பு. அது கூட்டுப்புழுவாகி, பிறகு எங்கள் அந்துவாக வரும் என்று தங்கை சொன்னபோது அவர் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். "அப்ப ரெண்டும் கள்ளர்தான்" என்றார். "ஒண்டு என்ரை வத்தாளையைத் திண்டு வளந்திட்டுப் பூவுக்கு வருது. மற்றது பூவைக் குடிச்சிட்டு என்ரை வாழைக்குப் போகுது. எனக்கெண்டு ஒண்டும் மிச்சமில்லை, ரீச்சர்." தங்கையை இடையில் வைக்காமல் அவர் என்னோடு நேரே பேசிய முதல் வசனம் அது.

மாசி முடியும் தறுவாயில் ஒரு பின்னேரம் அது நடந்தது. காற்றில் வலையின் ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. இருட்டியதும் சடசடவென்று ஒரு சத்தம், அதோடு ஊசியால் குத்துவதுபோல ஒரு கீச்சுக் குரல். லாந்தரைத் தூக்கிப் பார்த்தால் ஒரு வௌவால் வலையில் சிக்கித் துடித்துக்கொண்டிருந்தது. துடிக்கத் துடிக்க நூல் இறுகியது. அதன் நெஞ்சில் ஏதோ கறுப்பாக ஒட்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தோம். குட்டி. கண் திறந்த, மயிர் முளைக்காத குட்டியொன்று தாயின் நெஞ்சைக் கவ்விப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

அண்ணை ஏணியை எடுத்துச் சாத்தினார், மடியிலிருந்து புகையிலை வெட்டும் சத்தகத்தை எடுத்தார், ஏறினார். "அண்ணை, வலை! வெட்டினியள் எண்டால் எல்லாம் பிழைச்சுப் போகும்" என்று தங்கை கத்தினாள். உண்மைதான். வலையில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தால் மற்ற வௌவால்களும் உள்ளே போய்விடும். அத்தனை கிழமையும் காத்திருந்தது வீணாகிவிடும். அவர் மேலே நின்றபடி கீழே பார்த்தார். தங்கையைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா என்று லாந்தர் வெளிச்சத்தில் தெரியவில்லை. "அப்பாவின்ரை வலை, ரீச்சர். வெட்டட்டோ?" என்று கேட்டார். "வெட்டுங்கோ" என்றேன்.

நூல் நூலாக வெட்டினார். இறக்கைத் தோல் கிழியாமல் ஒவ்வொரு முடிச்சாக விலக்க நெடுநேரம் பிடித்தது. கடைசி நூல் அறும்போது அது அவருடைய பெருவிரலைக் கடித்துவிட்டது. அவர் கையை உதறவில்லை. உதறினால் குட்டி விழுந்துவிடும். கொப்பில் அதன் கால்களைத் தொடவைத்து, அது பற்றிக்கொள்ளும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் கையை எடுத்தார். அது கொஞ்ச நேரம் தலைகீழாகத் தொங்கி மூச்சு வாங்கியது. பிறகு குட்டியோடு பறந்து போனது. வாழைத் தோட்டத்துப் பக்கமாகத்தான் போனது. அதைப் பார்த்து மூன்று பேருமே சிரித்தோம். சிரித்த கையோடு சிநேகிதி அழவும் தொடங்கினாள்.

அவர் இறங்கியபோது விரலிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. சிநேகிதி மஞ்சள் எடுக்க அடுப்படிக்கு ஓடினாள். நான் கிணற்றுத் தண்ணீரால் அந்த விரலைக் கழுவி, முகம் துடைக்கிற என் லேஞ்சியால் சுற்றிக் கட்டினேன். வலை முடிச்சுத்தான் போட்டேன். எனக்குக் கைவந்த முடிச்சு அது. அவர் குனிந்து முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் அவளுடைய அம்மா விளக்கோடு நிற்பதைக் கண்டேன். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. சாப்பிட வரும்படி எல்லோரையும் கூப்பிட்டார். எனக்கு வழமைபோலப் பரிமாறினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, "அம்மாவுக்குச் சுகமில்லை, இந்தக் கிழமை வேண்டாம்" என்றாள் சிநேகிதி. அதற்கடுத்த கிழமையும் அம்மாவுக்குச் சுகமில்லை. மூன்றாம் முறை அவள் காரணம் சொல்லத் தொடங்குமுன்னரே, "பரவாயில்லை, எனக்கும் கோயிலிலை தபசுகால வேலை இருக்கு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் இணுவில் சைவக் குடும்பம். நாங்கள் கரையோரக் கத்தோலிக்கர். இதற்கு மேல் அந்தக் காலத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

அந்த வருடம் ஓட்டை விழுந்த வலைக்குள்ளும் காய் பிடித்தது, எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் துவக்கு சொந்தக்காரரிடம் திரும்பிப் போய்விட்டது என்று சிநேகிதி சொன்னாள். அண்ணை வாழைக் குலைகளைக் காய்ந்த சருகால் சுற்றிக் கட்டத் தொடங்கினாராம். அவளுக்கு அடுத்த பூக்காலத்திலாவது விடை கண்டுவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் அதற்குள் மலாயாவில் ரயில் கந்தோரில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அவளைப் பேசினார்கள். எல்லாம் அவதி அவதியாக, ஒரே அவசரத்தில் நடந்தது. கலியாணத்துக்கு நான் போனேன். பந்தலின் கரையில் இருந்தேன். வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற அண்ணை, "வலை பரணிலை பத்திரமாய்க் கிடக்கு, ரீச்சர்" என்றார். "கிடக்கட்டும்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். மார்கழிக்கு முன்னரே அவள் கப்பல் ஏறிவிட்டாள். ஆசிரியர் அறையின் மூலை மேசையில் நான் தனியாக இருந்து சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் இரண்டாம் தவணை தொடங்கிய கிழமை, பாடசாலைக் காவற்காரர் வகுப்பு வாசலில் வந்து நின்று, யாரோ ஒருவர் என்னைக் காண வந்திருப்பதாகச் சொன்னார். படலையடி வேம்பின் கீழ் சிநேகிதியின் அண்ணை நின்றார். கோயிலுக்குப் போகிறவரைப்போல வெள்ளை வேட்டியும் சால்வையும். காலடியில் ஒரு சாக்கு, கையில் மடித்துக் கட்டிய வலை.

"வலை கட்டின கொப்பிலை ஒரு காயும் பிடிக்கேல்லை, ரீச்சர்" என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, வழி முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு வந்தவரைப்போல இருந்தது. "மற்றக் கொப்பெல்லாம் குலை குலையாய்க் காய். இந்த முறை வலையை இறுக்கிக் கட்டினன். தொய்வு இருந்தால்தானே சிக்கும். ஒவ்வொரு பின்னேரமும் நிண்டு பாத்தனான். உங்கடை விட்டில் வந்தது. சின்னன் உள்ளை போச்சுது, பெரிசு வெளியிலை நிண்டு நாக்கை விட்டுக் குடிச்சுது. ஒரு நாளும் தவறேல்லை. வந்து என்ன? பூவெல்லாம் அப்பிடியே வடிவாய் விழுந்து போச்சுது. காய் எல்லாம் வவ்வாலாலைதான்."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சாக்கை அவிழ்த்து வெடித்த காய்களைக் காட்டினார். பஞ்சு காற்றில் கிளம்பி அவருடைய சால்வையில் ஒட்டியது. அப்பாவின் வலையைத் தந்தார். வெட்டிய இடத்தை அவரே பொருத்தியிருந்தார். தோட்டக்காரர் வேலிக்கு வரிச்சுக் கட்டுகிற முடிச்சுகள். "பிழையாய்த்தான் கட்டியிருக்கிறன்" என்றார். "இல்லை, காணும்" என்றேன். விரல் ஆறிவிட்டதா என்று கேட்டேன். பெருவிரலை நீட்டிக் காட்டினார். இரண்டு சிறிய வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. நான் தொடவில்லை. மேல்மாடி யன்னல்களில் மாணவிகளின் தலைகள் தெரிந்தன.

"ஆவணியிலை எனக்கும் கலியாணம் பேசியிருக்கினம்" என்றார்.

"நல்லது" என்றேன். "எந்த ஊர்?"

"உரும்பிராய்."

"நல்லது" என்று மறுபடியும் சொன்னேன். அவர் சால்வையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, "அப்ப நான் போட்டு வாறன், ரீச்சர்" என்று சொல்லிக்கொண்டு நடந்தார். வளைவு திரும்பும்வரை நேராகத்தான் நடந்து போனார். மலாயாவுக்குப் போகுமுன் தங்கை சொல்லிவிட்டுப் போன வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் வகுப்புக்குத் திரும்பினேன். அந்த நினைப்போடுதான் பிறகும் பல வருடங்கள் இருந்தேன். வீட்டில் அப்பா வலையை விரித்துப் பார்த்து, "உது ஆர் கட்டினது?" என்று கேட்டார். ஒரு தோட்டக்காரர் என்றேன். அவர் அந்த முடிச்சுகளை அறுத்துவிட்டுத் தன் முடிச்சைப் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோனார். அவர் விட்டுப்போன பஞ்சில் என் அம்மா தலையணை தைத்தார்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. மலாயாவிலிருந்து எந்தச் செய்தியும் வராத வருடங்கள். இணுவில் அம்மா மகளின் செய்தி தெரியாமலே காலமானார் என்று கேள்விப்பட்டேன். நான் அதே பாடசாலையில் அதே கணக்கைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நான் மணம் முடிக்கவில்லை. அதற்குப் பல காரணங்கள். எல்லாவற்றையும் ஒரு மரத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

யுத்தம் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கிய பிறகு சிநேகிதி பிள்ளைகளோடு ஊருக்கு வந்தாள். வந்த கிழமையே பாடசாலைக்கு என்னைத் தேடி வந்தாள். மெலிந்து, முன்தலை நரைத்து, ஆனால் குடையை எங்கோ மறந்துவிட்டு வெயிலில் நடந்து வந்திருந்தாள். பழைய மூலை மேசையில் இருந்து கதைத்தோம். பசி, மரவள்ளிக் கிழங்கு, யப்பான்காரர் ரயில் பாதை போடக் கொண்டுபோன ஆட்கள் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு ஊர்க் கதைக்கு வந்தோம். அண்ணைக்கு மூன்று பிள்ளைகள். இலவமரம் இப்போதும் நிற்கிறது. வாழைக் குலைக்குச் சருகு கட்டுகிறார்.

"நிப்பாட்டாமல் செய்து முடிச்சிட்டார், என்ன?" என்றேன். "நீர் சொல்லிப்போட்டுப் போனபடி அடுத்த வருசமும் வலை கட்டி, காயையும் கொண்டுவந்து காட்டினவர். உமக்கு அப்பவே எழுதியிருப்பார்."

அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். "எந்த வலை?"

"இலவமரத்துக்குக் கட்டினது."

"நான் சொல்லிப்போட்டுப் போனனோ?" என்றாள். "மலாயாவுக்கு வெளிக்கிட்ட அவதியிலை எனக்கு அந்த மரத்தின்ரை நினைப்பே இல்லை. நான் அவருக்கு ஒண்டும் சொல்லேல்லை. அவரும் எனக்கு ஒண்டும் எழுதேல்லை. ரெண்டாம் முறை வலை கட்டினதே இப்ப நீர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வி அவளுக்குள் விழுவதை நான் கண்டேன். அதற்கு விடை வேண்டுமென்று அவள் கேட்கவில்லை. அந்த ஒரு முறை மட்டும் கேட்கவில்லை. கையை நீட்டி என் கையின் மேல் வைத்தாள்.

மணி அடித்தது. அடுத்த பாடம் எனக்குப் பின்னக் கணக்கு. எழுந்து, சேலையைச் சரி செய்துகொண்டு வகுப்புக்குப் போனேன். வழமைபோலப் பிள்ளைகள் எழும்பி நின்றிருப்பார்கள். நானும் அவர்களை இருக்கச் சொல்லியிருப்பேன். அந்தப் பாடத்தில் கரும்பலகையில் நான் என்ன எழுதினேன் என்பது மட்டும் இத்தனை வருடங்கள் கழிந்தும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை.